காலைச் சமையலுக்கு ஒரு பிராசஸ் ஓனர்

தூக்கத்துக்கு ஆபத்து என்றால்தான் சில பேருக்கு மூளை வேலை செய்யும். நம்ம அதிகாரிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் வேலை செய்தது.

அதிகாரி என்றதும் பெரிய ஆளாக நினைத்துவிடாதீர்கள். மின்விசிறி செய்கிற ஒரு கம்பெனியில் வேலைமுறை மேம்பாட்டுப் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு வேலை ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று பார்த்து, ஆள் சேர்த்து, இன்னாருக்கு இன்ன பொறுப்பு என்று பிரித்துக் கொடுப்பார்கள். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். வீட்டில் அவர் வைத்தது எதுவும் வைத்த இடத்தில் இருக்காது.

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற அவர் மனைவி, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நாளையிலேருந்து எனக்குக் காலை ஷிஃப்ட். விடியறதுக்குள்ள கிளம்பணும். காலைச் சமையலை நீங்க பாத்துக்கங்க."

அதிகாரிக்குக் கிறுகிறுத்தது. வெயில் முகத்தில் அடித்தால் மட்டும் எழுந்திருக்கிற உடம்பு அது. முடியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை, சொல்லிப் பழக்கமில்லை. அப்போதுதான் பொறி தட்டியது. பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கிறவன் எங்கேயாவது வேலை செய்து பார்த்திருக்கிறோமா?

மனைவி, கூடவே இருக்கிற மாமியார், காலேஜ் போகிற மகள், மூன்று பேரையும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார்.

"இனிமே காலைச் சமையல் ஒரு ப்ராஜெக்ட். ஆளாளுக்கு ஒரு பொறுப்பு."

"அப்படியா? யார் யார் என்னென்ன செய்வாங்க?" என்று மனைவி கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவருடைய ஆபீஸ் கதையை அவள் இப்படி ஆசையாகக் கேட்டதே இல்லை. மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"முதல்ல ஸ்பான்சர். திட்டத்துக்கு ஒப்புதல் குடுக்கறவர்."

"அவர் வேலை செய்வாரா?"

"சேச்சே. அப்பப்ப வந்து எப்படிப் போகுதுன்னு கேப்பார், அவ்வளவுதான். அடுத்தது வழிநடத்துறவர். தன்னோட கருத்தைச் சொல்லக்கூடாது. ஏன், ஏன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும்."

"இது எங்கம்மாவுக்குன்னே செஞ்ச பதவி."

"ஏன்டி அப்படிச் சொல்றே?" என்று மாமியார் கேட்டு, அந்த நிமிஷமே பொறுப்பேற்றுக்கொண்டார்.

"நேரத்தை அளக்கறதுக்கு ஆள் உண்டாப்பா?" என்றாள் மகள்.

"கட்டாயம் உண்டு."

"அது நான்." கையில் போன் தயாராக இருந்தது.

மனைவிக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "ஏங்க, ஒருத்தரே ரெண்டு பொறுப்பு வச்சுக்கலாமா?"

"கூடவே கூடாது. எங்க ஜெனரல் மேனேஜரே கேட்டார், நான் விடலை."

"ஏதாவது பொறுப்புக்கு ஆளே இல்லாமப் போயிட்டா?"

"அதுக்குத்தான் பிராசஸ் ஓனர், அந்த வேலைமுறைக்கே சொந்தக்காரர். அவர் வச்சதுதான் முடிவு. காலியா இருக்கிற பொறுப்பையும் அவர்தான் பாக்கணும். ஆபீஸ்ல இந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான்."

"அடேயப்பா. அந்தப் பதவிக்கு உங்களை விட்டா யாருங்க இருக்கா? நான் அந்த ஸ்பான்சர்ல ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்."

அதிகாரி பெருமையோடு தலையாட்டினார். பிறகு தொண்டையைச் செருமினார். "சரி, சமைக்கப்போற மெம்பர்..."

மேஜையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எல்லாருக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இருட்டோடு அவர் அடுப்படியில் நின்றார். பால் பொங்கி வழிந்தது.

"ஏன் மாப்பிள்ளை பால் வழியுது?"

"தீ ஜாஸ்தி அத்தை."

"ஏன் ஜாஸ்தி வச்சீங்க?"

"அவசரம்."

"ஏன் அவசரம்?"

"அப்பா, வெங்காயத்துக்கே இவ்வளவு நேரமா?" என்றாள் மகள், போனைப் பார்த்தபடி.

மனைவி குளித்து, தலைவாரி, பையோடு வந்து நின்றாள். "எப்படிப் போகுது?"

அதிகாரிக்கு அழுகை முட்டியது, வெங்காயத்தால் மட்டுமில்லை. இதிலிருந்து தப்பிக்க ஒரே வழிதான் தெரிந்தது. "இந்த ப்ராஜெக்டை இப்பவே முடிச்சுக்கலாம்மா. பெரிய வெற்றி."

"முடிச்சுக்கலாமே. முடிஞ்சா என்ன செய்வீங்க உங்க ஆபீஸ்ல?"

பாழாய்ப்போன பழக்கம், வாய் தானாகப் பேசியது. "டீமைக் கலைச்சிருவோம். எல்லாரும் அவங்கவங்க பழைய வேலைக்குப் போயிருவாங்க. அதுக்கப்புறம் அந்த வேலைமுறை நிரந்தரமா..."

"நிரந்தரமா?"

"ஓனர்கிட்ட இருக்கும்," என்றார் அதிகாரி, கரண்டியைப் பார்த்துக்கொண்டு.

"ஸ்பான்சர் ஒப்புதல் குடுத்தாச்சு," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள் அவள். மாமியாரும் மகளும் தங்கள் பழைய வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.