வெயில் மாமா பால் காய்ச்சிய கதை

திருச்சியில் பிறந்து, திருச்சியிலேயே நரைத்து, ஒரு நாள்கூட வெயிலைத் திட்டாத ஒரே மனிதர் எங்கள் வெயில் மாமாதான். சித்திரை மத்தியானத்தில் நாமெல்லாம் ஈரத்துண்டும் மோருமாகக் கிடப்போம். அவர் மொட்டை மாடியில் நின்று, "எவ்வளவு வெயில் வீணாப் போறது பாருங்கோ" என்று வருத்தப்படுவார். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு எதிர் ஃப்ளாட். அவருடைய நிஜப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் இருந்தது.

ரிட்டையரான கையோடு, திருவெள்ளறை ரோட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டப்போவதாக அறிவித்தார். ஏசி கிடையாது, பகலில் லைட் கிடையாது, கேஸ் கிடையாது.

"மனுஷா உண்டா?" என்று கேட்டாள் மாமி.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பார்க்க, உச்சிவேளையில் ஊதுபத்தியும் கையுமாக மனையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடுத்த வாரம் போனால் மூலையிலிருந்த எல்லைக்கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசிப் பூ வைத்திருக்கிறார்கள். ஜன்னலை மாற்றச் சொன்ன வாஸ்துக்காரரை, "காத்துக்கு வாஸ்து தெரியாதே ஓய்" என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்து, நடுவே காற்றுக்கு இடம்விட்டுச் சுவர் எழுப்பினார். அந்தக் கட்டுக்குக் கொத்தனார்கள் வைத்த பெயர் எலிப்பொறி. "வயசான காலத்துல என்னை எலிப்பொறியில வெக்கப்போறார்" என்று மாமி ஒரு ஃப்ளாட் விடாமல் சொல்லிவிட்டு வந்தாள்.

எல்லாம் சகித்த மாமி, அடுப்பு விஷயத்தில்தான் முரண்டு பிடித்தாள். கிரகப்பிரவேசப் பாலை சோலார் அடுப்பில்தான் காய்ச்சுவேன் என்றார் மாமா. குடையைக் கவிழ்த்த மாதிரி ஒரு பெரிய கண்ணாடித் தட்டு, நடுவில் பாத்திரம். வாத்தியார் குறித்துக் கொடுத்ததோ விடியற்காலை முகூர்த்தம்.

"சூரியனே எழுந்திருக்காத நேரத்துல எப்படி ஸ்வாமி பால் காயும்?"

"அக்னியில காய்ச்சுங்கோ. ஊரே அப்படித்தான் காய்ச்சறது."

"அக்னிக்கே அப்பன் சூரியன்தானே?"

வாதத்துக்குப் பயந்தோ, தட்சிணை போய்விடுமென்று பயந்தோ, வாத்தியார் உச்சிவேளை முகூர்த்தம் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். ஐப்பசியில்.

மாமி எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "பால் பொங்கினா அந்தாத்துக்கு வரேன். பொங்கலேன்னா இந்த ஃப்ளாட்டை விட்டு நகரமாட்டேன். நீங்க மட்டும் போய் சூரியனோட குடித்தனம் பண்ணுங்கோ."

அன்றைக்கு வேன் பிடித்துப் போனோம். நான் போனது பால் பொங்காததைப் பார்க்கத்தான். மேகம் எருமைக்கூட்டமாய் நின்றது. சமையல்காரர் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரை மாமா கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார். ஹோமம் முடிந்தது. முற்றத்தில் வைத்த சோலார் அடுப்பில் பால் அசையவில்லை. வாத்தியார் விரல் விட்டுப் பார்த்து, "இதுல தயிர் வேணா தோய்க்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

மாமா வானத்தைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "சரி, சிலிண்டரை உள்ளே கொண்டு வரச் சொல்லுங்கோ" என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததேயில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"வெளியில வெச்சது வெளியிலயே இருக்கட்டும்" என்றாள் மாமி. "வாத்தியாரே, முகூர்த்தம் இன்னும் இருக்கோல்லியோ?"

"கொஞ்சம் இருக்கு. ஆனா பசிக்கறது."

மாமி மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். மேகம் ஓரிடத்தில் வெளுத்திருந்தது. தட்டை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். "அடுப்பை விட்டுட்டு ஆகாசத்தைப் பாத்துண்டிருந்தா எந்த அடுப்புலயும் பால் பொங்காது. இந்தப் பக்கம் பிடிங்கோன்னா." இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெயில் வந்தது. வெயில் நகர நகரத் தட்டையும் நகர்த்தினார்கள். வாத்தியார் இலையில் உட்காரப் போகும்போது பால் பொங்கி வழிந்தது.

"அப்போ வரியா?" என்றார் மாமா.

"பொங்கித் தொலைச்சுடுத்தே. வராம?"

எதிர் ஃப்ளாட்டுக்கு இப்போது வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். ராத்திரியெல்லாம் ஏசி உறுமுகிறது. மே மாதத்தில் கரண்ட் போனால் நான் பஸ் ஏறி மாமா வீட்டுக்குப் போய், அந்த எலிப்பொறியின் சிவப்புத் தரையில் கட்டையைக் கிடத்திவிடுவேன். வீடு குளுகுளுவென்று இருக்கிறது, அதற்காகத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்கழியிலும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.