டொய்ல் வம்சமும் என் வம்சமும்

எமிலியானுஸ் என்ற என் பெயர் ஆயிரம் வருடம் வாழ வேண்டும் என்று 2004 நவம்பரில் முடிவெடுத்தேன். மனைவி ஜொய்சி பிள்ளை பெற்று மூன்று வாரம். மொன்றியலில் பிறந்த பிள்ளைக்கு முப்பது நாளுக்குள் பிறப்புப் படிவம் அனுப்ப வேண்டும். அதில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாகக் கிடந்தது.

நம்மவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பிள்ளையின் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர். ஒரு தலைமுறையோடு சரி. கீழ்வீட்டு ஐரிஷ்காரர் டொய்லைப் பாருங்கள்! அவர் பெயரின் வரலாறு சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. எனக்குப் பொறாமை தாங்கவில்லை.

"மகன் ஜோன்சன் எமிலியானுஸ். அவன்ரை மகனும் எமிலியானுஸ். பேரனும் எமிலியானுஸ்," என்றேன்.

"பஸ் நம்பர் மாதிரியோ?" என்றாள் ஜொய்சி.

"சிரியாதையும். டொய்ல் எண்டால் என்ன தெரியுமோ? கறுத்த அந்நியன். கப்பலிலை வந்து இறங்கினவன்ரை வம்சம்."

"அது உங்களுக்குத்தான் அளவாய் இருக்கு. பேசாமல் டொய்ல் எண்டே வையுங்கோவன்."

நான் அதைக் காதில் வாங்கவில்லை.

"இஞ்சை தாயின்ரை பேரும் போடலாம்," என்றாள். "அப்பாவின்ரை நீக்கிலாப்பிள்ளையைப் போடுவம். அவருக்கு நாங்கள் மூண்டும் பொம்பிளையள். அவரோடை அந்தப் பேர் முடிஞ்சிடும், பாவம்."

"நீக்கிலாப்பிள்ளையோ? வாத்தியார் கூப்பிட்டு முடிக்கப் பாடம் முடிஞ்சிடும்."

"எமிலியானுஸ் மட்டும் என்ன, ஒரு மூச்சிலை வந்திடுமோ?"

"வம்சம் எண்டது ஆம்பிளை வழி. டொய்லைக் கேப்பம். அவர் சொல்லுறதுதான் முடிவு."

"சத்தியமா?"

"சத்தியமா!"

அவள் உடனே ஒத்துக்கொண்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டன் ரோல்ஸ் வாங்கி வைத்து டொய்லை அழைத்தேன். சட்டத்தையும் கொண்டுவரச் சொன்னேன். ஐந்து ரோல்ஸ் சாப்பிட்டார். கப்பல், சண்டை, பஞ்சம், மொன்றியல் துறைமுகம் என்று எல்லாம் சொன்னார். எல்லாமே ஆம்பிளைகள். நான் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினேன்.

ஜொய்சி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இப்ப இந்தப் பேரை ஆர் கொண்டு போகினம்?"

டொய்ல் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறுவனின் படத்தை எடுத்தார். "என் மகளின் மகன். எனக்கு ஆண்பிள்ளை இல்லை. மகள்தான் தன் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு வைத்தாள். இல்லாவிட்டால் எல்லாம் என்னோடு போயிருக்கும்."

அவர் கண் கலங்கினார். ஜொய்சியும் கலங்கினாள். நானும் கலங்கினேன், காரணம் வேறு.

அவர் போனதும் கேட்டேன். "உமக்கு முதலே தெரியுமோ?"

"பிள்ளை பாக்க வந்த அண்டே படத்தைக் காட்டினவர். நீங்கள் வேலையிலை."

"பேந்து ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சத்தியம் பண்ணுற அவசரத்திலை நிண்டியள்." பேனாவை என் கையில் தந்தாள். "கையெழுத்து இதிலை."

ஜனவரியில் ஞானஸ்நானம். கோவில் நிறையத் தமிழர்கள். பெயர்ப் பட்டியலோடு நின்ற பிலோமினம்மாவுக்கு எங்களை முன்பின் தெரியாது. 'ஜோன்சன் நீக்கிலாப்பிள்ளை' என்று வாசித்தார். நம்மவர் வழக்கப்படி தகப்பன் யார் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"நீக்கிலாப்பிள்ளைத் தம்பி, பிள்ளையைக் கொண்டு வாரும்!"

கொண்டு போனேன்.