ஊட்டிக்குப் போக ஆசைப்பட்ட லாரி ஓட்டுநர்கள்

கல்லூரிக்கு ஒரு புது மென்பொருள் வந்தால் வேலை குறையும் என்பார்கள். எனக்கு இதுவரை குறைந்தது தலைமுடி மட்டும்தான். வருகைப் பதிவுக்கு ஒரு செயலி, மதிப்பெண் ஏற்ற ஒரு தளம், நடத்திய பாடத்தை வீடியோவாக ஏற்ற இன்னொரு தளம், எல்லாம் ஏற்றியாயிற்று என்று சொல்ல ஒரு வாட்ஸப் குழு. நடுவில் நேரம் கிடைத்தால் பாடமும் நடத்தலாம்.

இந்த லட்சணத்தில், முனைவர் பட்டம் வாங்கினால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். நான் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகப்பணி ஆசிரியர். ஊரே லாரியை நம்பி இருப்பதால் ‘நெடுந்தூர லாரி ஓட்டுநர்களின் வாழ்க்கைத் தேவைகள்’ என்று தலைப்பு எடுத்தேன். லாரிப் பேட்டைகளிலும் சேந்தமங்கலம் ரோட்டுப் பட்டறைகளிலும் ஓட்டுநர்களைப் பிடித்து, டீக்கடை பெஞ்சில் போனை வைத்துப் பேச்சைப் பதிவு செய்தேன். அவர்கள் பேசப் பேச “அப்படிங்களா, அப்படிங்களா” என்று தலையாட்டினேன். மனசு மட்டும் இன்டர்னல் மார்க் ஏற்றுவதற்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தது.

பதிவுகள் குவிந்துவிட்டன. உட்கார்ந்து கேட்டு எழுதத் தெம்பில்லை. என் நெறியாளர்தான் வழி சொன்னார்.

“இன்னுமா கையால எழுதுவீங்க? பேச்சை எழுத்தாக்க மென்பொருள் இருக்கு. அதுவே எழுதும், அதுவே எண்ணும், படமும் போட்டுக் கொடுத்துடும். காலத்தோட போங்க.”

என் மனைவி கோகிலா திருச்செங்கோட்டுக்காரி. “நானு பக்கத்துல ஒக்காந்து கேட்டுச் சொல்றனுங்க” என்றாள். “அதெல்லாம் பழைய முறை” என்று அவளை அடக்கிவிட்டேன். (அந்தக் குரலில் இருந்த மிடுக்கை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.)

மென்பொருள் வண்ண வண்ண வட்டங்களாகப் படம் போட்டுக் கொடுத்தது. ஓட்டுநர்கள் அதிகம் பேசிய சொல் பெரிய வட்டம். அதில் ‘ஊட்டி’ என்று இருந்தது. அடுத்த வட்டத்தில் ‘சாமி’.

புத்தியுள்ளவன் சந்தேகப்பட்டிருப்பான். நானோ, என்ஜின் சூட்டில் வேகிறவர்களுக்குக் குளிர் ஊர் ஆசை இருக்காதா என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ‘சுற்றுலா ஏக்கமும் ஆன்மீக நாட்டமும்’ என்று ஓர் அத்தியாயமே எழுதினேன். ஓட்டுநர்களை அரசு செலவில் ஊட்டிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று பரிந்துரையும் செய்தேன்.

வாய்மொழித் தேர்வு கல்லூரி அரங்கில் நடந்தது. கோகிலா பட்டுப்புடவையில் முதல் வரிசையில். புறத்தேர்வாளர் சென்னையிலிருந்து பெரிய திரையில் வந்தார். உதடு முதலில் அசையும், குரல் பின்னால் வரும்.

“அருமை. உழைக்கும் மக்கள் மலைவாசத்தலத்தை இவ்வளவு விரும்புகிறார்கள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை” என்றார். நான் உப்பிப் போனேன். “ஒரு பதிவைப் போட்டுக் காட்டுங்களேன்.”

போட்டேன். அரங்கம் முழுக்க ஓர் ஓட்டுநரின் கரகரத்த குரல்.

“ஊட்டுக்குப் போகோணுஞ் சாமி. புள்ள மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு. ஊட்டுக்குப் போனாப் போதுஞ் சாமி.”

முந்தானையை வாயில் அடைத்தும் கோகிலாவின் சிரிப்பு நிற்கவில்லை.

“ஏனுங்க, அது ஊட்டி இல்லீங்க. ஊடு! நம்ம ஊடு!”

அரங்கில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கத்து ஆட்கள். கூரை அதிர்ந்தது. நான் ஆத்தூர்க்காரன், எங்கள் பக்கம் வீட்டில் ‘வ’ பத்திரமாக இருக்கும் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து தினமும் கோகிலா “ஊட்டுக்கு வாங்க” என்று சொல்வதைப் போனில் கேட்டுக்கொண்டிருப்பவன்தானே.

திரையில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. “அவருடைய பிள்ளை ஊட்டியில் படிக்கிறானா?” என்று அக்கறையாகக் கேட்டார். மறுபடியும் கூரை அதிர்ந்தது. என் நெறியாளர் மணியே அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

‘ஊடு’ என்றால் வீடு என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சரி, அந்த இரண்டாவது வட்டம்? சாமி?”

“இங்கே எல்லாரையும் மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவாங்க சார். அது... நான்தாங்க சார்.”

அத்தியாயத்தைத் திருத்தி எழுதிவிட்டு மீண்டும் வரச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கோகிலாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பதிவுகளைக் கேட்டோம். முதலில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஓர் ஓட்டுநர், சம்சாரத்தின் வளைகாப்பு அன்று எங்கேயோ வடக்கே சுமை இறக்கக் காத்துக் கிடந்ததைச் சொன்னார். அடுத்த நொடி என் குரல் கேட்டது: “அப்படிங்களா. அடுத்த கேள்வி.” கோகிலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அரங்கத்துச் சிரிப்பெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பிறகு எழுந்து போய், லாரி ஓட்டும் தன் அண்ணனுக்குப் போன் போட்டு, “எங்கண்ணா இருக்கற? சாப்டியா?” என்று கேட்டாள்.

ஒரு வழியாகப் பட்டம் வந்தது. வேலையும் நிலைத்தது. மென்பொருள்களும் வந்தபடியே இருக்கின்றன. போன வாரம்கூடப் புதிதாக வந்த ஒன்றுக்குப் பயிற்சி, பொழுது சாயும்வரை. மேஜை மேல் இருந்த என் போனில் கோகிலாவின் செய்தி மின்னியது: ‘ஊட்டிக்கு எப்பக் கெளம்பறீங்க?’ எங்கள் குடும்பத்தில் இப்போது எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள், அவள் அண்ணன் உட்பட.

அந்தப் பக்கமாக வந்த புது முதல்வர் அதைப் படித்துவிட்டார். “செமஸ்டர் நடுவில் ஊட்டிக்கெல்லாம் லீவு தர முடியாது, சார்” என்றார்.

விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

“லீவு வேண்டாங்க சார். ஆறரை பஸ்ஸைப் பிடிக்க விட்டாப் போதும்” என்றேன்.