ஏழு நாற்பது வேன்

புதுச்சேரியில் நேரம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவர் எங்கள் கம்பெனி வேன் ஓட்டுநர்தான். அதற்கு முன்பு ஊரில் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று குத்துமதிப்பாக ஏதோ இருந்திருக்கலாம். ஏழு நாற்பது என்ற துல்லியமான வஸ்துவை உண்டாக்கி, தினமும் அரியாங்குப்பம் பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர். அவருடைய ஹார்ன் சத்தம் கேட்டுத்தான் டீக்கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார். ரேடியோக்காரர்களே இவரைக் கேட்டுத்தான் செய்தியை ஆரம்பிக்கிறார்கள் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு.

அவருக்குப் பெயர் என்ன என்று பத்தொன்பது வருஷத்தில் யாரும் விசாரித்ததில்லை. முசே என்றால் போதும். இளவயதில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு பெரியவருக்குக் கார் ஓட்டியிருக்கிறார். அங்கே பொறுக்கிய பிரெஞ்சு மொத்தம் நான்கு சொல். அதில் 'ஐயா' என்று அர்த்தமுள்ள 'முசே'யை எங்கள் எல்லோர் மேலும், ரோட்டில் குறுக்கே வரும் ஆடுகள் மேலும் பாரபட்சம் இல்லாமல் பிரயோகிப்பார். அதையே நாங்கள் அவருக்குத் திருப்பி வைத்துவிட்டோம்.

அவருக்கு வீடு தவளக்குப்பத்தில். அங்கிருந்து கிளம்பி, அரியாங்குப்பத்தில் என்னை ஏற்றி, பாலம் தாண்டி, ஊருக்குள் மற்ற பத்துப் பேரையும் அள்ளிக்கொண்டு சேதராப்பட்டு ஃபேக்டரிக்குப் போவார். வேன் அவருடைய சொந்த வண்டி. கம்பெனிக்கு வாடகைக்கு ஓட்டினார். யாருக்காகவும் ஒரு நொடி காத்திருக்க மாட்டார். ஒருநாள் ஜி.எம்.முடைய கார் மக்கர் பண்ணிவிட்டது. "ரெண்டு நிமிஷம் வேனை நிக்கச் சொல்லு" என்று ஆள் அனுப்பிவிட்டு, ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக அவர் வாசலுக்கு ஓடிவந்தபோது வேன் தெருமுனை திரும்பிவிட்டது. ஆட்டோ பிடித்து ஃபேக்டரிக்கு வந்து குதித்தார்.

"யோவ், நான் ஜி.எம்.யா!"

"ஆபீஸ்ல நீங்க ஜி.எம்., முசே. வேன்ல நீங்க லேட்டு."

சீட்டு விஷயத்தில் இன்னும் கறார். யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார்கள் என்பதைப் பார்த்து அவரே இடம் ஒதுக்கியிருந்தார். முதல் சீட்டு சூப்பர்வைசர் கோவிந்தராசுவுக்கு. எனக்கு ஒன்பதாவது, கடைசி வரிசை ஜன்னல். எங்களில் ஒருவனான கண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுத்திருந்தபோது, பம்பாயிலிருந்து வந்த ஆடிட்டர் ஒருவர் அந்தக் காலி சீட்டில் உட்காரப் போனார். முசே வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"அது கண்ணன் சீட்டு."

"அவன் ஆஸ்பத்திரியில இருக்கான் முசே" என்று நான்தான் பரிந்து பேசினேன்.

"இப்ப இருக்கான். நாளைக்கு வருவான்ல? வந்து எங்க உக்காருவான்?"

பாவம், ஆடிட்டர் சேதராப்பட்டு வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

நாங்கள் செய்தது சூட்கேஸ். நான் தரப் பரிசோதனை. பத்தொன்பது வருஷமாகப் பெட்டியைத் திறப்பேன், மூடுவேன், பூட்டுவேன், 'பாஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டுவேன். என் கையால் பூட்டிய பெட்டிகள் எந்தெந்த தேசத்துக்கெல்லாமோ போயின. நான் திருப்பதியைத் தாண்டியதில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், வடக்கே எங்கோ வரிச்சலுகை கொடுக்கிறார்கள் என்று கம்பெனி மூட்டை கட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கவர் கொடுத்தார்கள். நினைவுப் பரிசாக ஆளுக்கு ஒரு சூட்கேஸ் வேறு. வேலை போனவனுக்குப் பெட்டி கொடுத்தனுப்பும் நாகரிகத்தை என்னவென்று சொல்வது! வீட்டுக்கு வந்து திறக்கப் போனால் பூட்டியிருந்தது. சாவி உள்ளே. ஸ்டிக்கரில் 'பாஸ்' என்று என் கையெழுத்து.

கவரைப் பிரித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள் என்று சொல்லவில்லை. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி உள்ளே என்னவோ குதித்தது. வேன் பாலத்தை எட்டுவதற்குள் அது அவமானமாக மாறிவிட்டது. என் மனைவி செல்வியிடம் சொல்லும்போது கோபம் வந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது பயம். ராத்திரி படுத்ததும் மறுபடியும் அந்த வெட்கங்கெட்ட சந்தோஷம்.

திங்கட்கிழமை காலை, பழக்க தோஷத்தில் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. செல்வி சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள்.

"எனக்கு ஏது வேலை?"

"அதுக்குன்னு வீட்ல உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கினு இருக்கப் போறீங்களா? கால் எங்க போவுதோ போய்ட்டு வாங்க."

கால் ஸ்டாப்புக்குப் போனது. ஏழு நாற்பதுக்கு ஹார்ன். வேன் வந்து நின்றது.

"முசே, நமக்கு வேல போயிடுச்சே!"

"தெரியும். ஏறு, ஏறு. நாப்பத்தொண்ணு ஆவப்போவுது."

ஏறினேன். நம்பினால் நம்புங்கள், ஊருக்குள் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒவ்வொரு அசடு டப்பாவோடு நின்றுகொண்டிருந்தது. பதினொரு பேரும் ஏறினோம். எங்கே போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஃபேக்டரி வாசலில் செக்யூரிட்டி வழக்கம்போல கேட்டைத் திறந்து சல்யூட் அடித்து, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு மூடினார். முசே அவருக்கு ஒரு ஹார்ன் கொடுத்துவிட்டு நேராக ஊசுட்டேரிக்கு விட்டார். கரையில் மர நிழலில் வண்டியை நிறுத்தி, "எறங்குங்க முசே, அஞ்சு பத்துக்குக் கெளம்பணும்" என்றார்.

அப்படியே தினமும் நடந்தது. டீசலைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நடுரோட்டில் இறக்கிவிடுவதாக மிரட்டினார்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் கண்டது கனவோ என்றிருக்கிறது. காலையில் ஏரி மேல் வெள்ளையாகப் புகை படர்ந்து, தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. நாமக்கோழிகள் கறுப்புக் கறுப்பாக அதற்குள்ளிருந்து வந்து, அதற்குள்ளேயே போய்விடும். நாங்கள் கரையில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். காற்றில் கண் செருகும். விழித்துப் பார்த்தால் வெயில் ஏறியிருக்கும். ஆனால் ஒன்றும் நடந்திருக்காது. ஒன்றும் நடக்காமல் ஒரு நாள் போகலாம் என்பதே எனக்கு அந்த வயதில்தான் தெரிந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன், சத்தியமாக. நடுவே திடீரென்று, கவரில் இருந்த 'தங்கள் சேவை இனித் தேவைப்படவில்லை' என்ற வரி ஞாபகம் வரும். ஒரு கொக்கு எழுந்து பறக்கும், மறந்துவிடும்.

ஆனாலும் சம்பளத்துக்குப் பழகிய உடம்பல்லவா? ஒரே வாரத்தில் ஏரியை ஃபேக்டரியாக்கிவிட்டோம். கோவிந்தராசு அட்டெண்டன்ஸ் எடுத்தார். பன்னிரண்டரைக்குத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும் என்று சட்டம். இறங்கும் பறவைகளைப் பார்த்து நான் 'பாஸ்', 'பாஸ்' என்று சொல்லிக்கொண்டிருப்பேன். நொண்டி நாரை ஒன்றை ரிஜெக்ட் பண்ணப் போனபோது சண்டையே வந்துவிட்டது.

"அதுக்கு எத்தினி வருஷ சர்வீஸோ, யாரு கண்டா?" என்று முசே என் மேல் பாய்ந்தார்.

பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கண்ணன் மச்சானோடு ஹார்டுவேர் கடைக்கு விழுப்புரம் போனான். ஒருவர் துபாய்க்குப் போனார். கோவிந்தராசு மகன் வீட்டுக்குச் சென்னை போனார். மழைக்காலம் முடிந்தபோது நானும் முசேயும்தான் மிச்சம். அப்போதும் நான் கடைசி வரிசையில்தான். இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு போவோம்.

"முன்னாடி வந்து உக்காரட்டுமா முசே?"

"அது கோவிந்தராசு சீட்டாச்சே!"

அந்தச் சமயத்தில்தான் கடலூரில் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணி. செல்விக்குத் தலைகால் புரியவில்லை. பையனுக்கு அந்த வருஷம் காலேஜ். அவள் தையல் மெஷினை ராப்பகலாக மிதித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் உள்ளே என்னவோ இழுத்துப் பூட்டிக்கொண்டது. இன்னொரு இடம், இன்னொரு ஸ்டிக்கர், பத்தொன்பது வருஷம் கழித்து இன்னொரு கவர். புதன்கிழமை ஏரிக்கரையில் கடிதத்தை முசேயிடம் காட்டினேன்.

"நான் போவல முசே. எனக்கு இதுவே போதும்."

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தினி மணிக்கு?"

"பத்து."

"கடலூர் பஸ்சு?"

"நம்ம ஸ்டாப்புக்கு எதுத்தாப்ல ஏழே முக்காலுக்கு ஒண்ணு வரும். அத வுடுங்க, நான்தான் போவலன்னு சொல்றேன்ல?"

"சரி" என்று வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் டப்பாவைக் கொடுத்தபோது செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. "சர்டிபிகேட் ஃபைலும் பையிலதான் இருக்கு. எங்க போறதும் உங்க இஷ்டம்" என்றாள். நான் ஸ்டாப்பில் வந்து நின்றேன், வழக்கமான பக்கத்தில்.

ஏழு நாற்பதுக்கு வேன் வந்தது. ஹார்ன் இல்லை. உள்ளே ஆள் இல்லை. பதினொரு சீட்டும் காலி. முசே ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனார்.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். "முசே! முசே!" என்று டப்பா குலுங்கக் குலுங்கப் பின்னால் ஓடினேன். வேன் நிற்கவில்லை. பாலத்தில் ஏறி, சின்னதாகி, மறைந்தது.

"இன்னா சார், வேன உட்டுட்டீங்களா?" என்றார் டீக்கடைக்காரர். கம்பெனி அனுப்பியபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், நடுரோட்டில் நின்று குழந்தை மாதிரி அழுதேன். எதிர்ப்பக்கம் கடலூர் பஸ் வந்து நின்றது. அழுதுகொண்டே ஏறினேன்.

வேலை கிடைத்தது. ஒரு மாதம் வீம்பாக இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை போடுவதற்கென்றே தவளக்குப்பம் போனேன். வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். துணி தைக்கும் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிறாராம். "பதினொரு பொண்ணுங்க, முசே. ஒண்ணுகூட நேரத்துக்கு வர்றதில்ல" என்றார்.

"அது கெடக்கட்டும். அன்னைக்கு ஏன் நிறுத்தல?"

"நிறுத்தினா நீ ஏறியிருப்ப."

"ஏறினா இன்னா?"

"எறங்குன்னு சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கு மட்டும் அந்த ஏரிக்கரை கசந்துச்சா?" டயர் மேல் தண்ணீரை ஓங்கி ஊற்றினார். "நீ ஓடியாந்தத கண்ணாடில பாத்தேன். பாலம் வர்ற வரைக்கும் கால் பிரேக்குக்கே போவுது, முசே. எடுத்து எடுத்து வச்சேன்."

போகும்போது மனப்பாடம் செய்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும், "நல்லா சண்ட போட்டீங்களா?" என்று செல்வி கேட்டாள்.

"வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்" என்றேன், வேன் கழுவ முழங்கால் வரை சுருட்டிவிட்டிருந்த ஈரப் பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டே.