ஒரிஜினல்காரர்

உலகத்தில் பாடுகிறவர்கள், பாட்டுக் கேட்கிறவர்கள் என்று இரண்டே வகை மனிதர்கள்தான் உண்டு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் இன்னும் ஒரிஜினல்காரரைச் சந்திக்கவில்லை. அல்லது சந்தித்து, அவரை ரசிகர் என்று தவறாக எண்ணி, பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரிஜினல்காரர் பாடமாட்டார். குளியலறையில்கூடப் பாடமாட்டார். வாய்விட்டு ரசிக்கவும் மாட்டார். ஒப்பிடுவார். அதுதான் அவருடைய தொழில், பொழுதுபோக்கு, தவம் எல்லாம்.

ஊருக்கு ஒருவர் இருப்பார். ஆரணியில் எங்களுக்கு வாய்த்தவர் சுப்பராயலு. பட்டு நூல் வியாபாரி. நான் ஜெயவேலின் மெல்லிசைக் குழுவில் எட்டு வருடம் ரிதம் பேட் தட்டியவன். ஆகவே அவரைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சுப்பராயலு வீட்டில் எண்ணூறு கேசட்டுகள் இருந்தன. இரண்டாயிரத்தில் எல்லாரும் சிடிக்கு மாறியபோது அவரும் மாறினார். மாறிவிட்டு, அதே பாட்டைக் கேசட்டிலும் சிடியிலும் மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு மணிச்சத்தம் காணாமல் போய்விட்டதாக ஒரு மாதம் புலம்பிக்கொண்டிருந்தார். கல்யாண வரவேற்பு எங்கே நடந்தாலும், பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ அழைத்திருந்தால் சரி, அழைக்காவிட்டால் அதுவும் சரி, மேடைக்கு நேர் எதிரே இரண்டாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பல் வைத்தியரிடம் வாயைத் திறந்தவர் போன்ற முகத்தோடு உட்கார்ந்திருப்பார். தப்பு வந்தால் வலது கை ஆள்காட்டி விரல் மேலே எழும்பும். ஒரு தப்புக்கு ஒரு தடவை. பாடுகிறவன் அந்த விரலைப் பார்த்துவிட்டால் முடிந்தது. அடுத்த வரியிலும் தப்புச் செய்வான்.

பிறகு சாப்பிடப் போவார். பாயசம்வரை நிதானமாக முடித்துக்கொண்டு எங்களிடம் வருவார்.

"அந்த ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி நாப்பது வயலின் வருமே, இன்னா ஆச்சு?"

"அண்ணே, நம்மகிட்ட இருக்கிறது ஒரு கீபோர்டுங்க. நாப்பது பேரை நிக்க வெச்சா மாப்பிள்ளை பொண்ணு எங்க நிப்பாங்க?" என்பார் ஜெயவேல்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. ஒரிஜினல் மாதிரி இல்ல."

அவ்வளவுதான். தீர்ப்பு. அப்பீல் கிடையாது. அபூர்வமாக, வருடத்துக்கு ஒருமுறை, "பரவால்ல" என்பார். அன்றைக்கு ஜெயவேலுக்குத் தூக்கம் வராது.

எங்களோடு நின்றிருந்தால் இது வெறும் வேடிக்கை. ஆனால் லாவண்யா விஷயத்தில் அப்படி நிற்கவில்லை.

லாவண்யா, சேவூரில் தறி போட்டிருந்த லோகநாதனின் மகள். பத்தொன்பது வயது. காலையிலிருந்து மாலைவரை அப்பாவுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டே எஃப்.எம். கேட்டுப் பாட்டுக் கற்றவள். அவளை எங்கள் குழுவில் பாட அனுப்பும்படி லோகநாதனைச் சம்மதிக்கவைக்க ஜெயவேல் ஆறு தடவை சேவூருக்கு நடந்தார். அந்த வருடம், இரண்டாயிரத்து நான்கு, 'கொக்கி போட்ட கோகிலா' என்று ஒரு பாட்டு வந்திருந்தது. களம்பூர் பஸ்ஸில் ஏறினால் அது, இறங்கினால் டீக்கடையில் அது, பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு என்றாலும் அது, கவுன்சிலருக்குப் பிறந்தநாள் என்றாலும் அது. பாடியது யார்? யாருக்குத் தெரியும்? கேசட் அட்டையில் ஆடிய நடிகையின் படம் பெரிதாக இருந்தது. பாடியவள் பெயர் அதன் கீழே எறும்பு அளவில் இருந்தது. அந்தப் பாட்டின் கடைசிச் சரணத்தில் நான்கு வரி, மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாக ஓடும். அதைப் பாடிக் காட்டுகிறவள்தான் அந்த வருடத்துப் பாடகி.

களம்பூர் அரிசி மில்காரர் வீட்டுக் கல்யாணத்தில் லாவண்யா அதைப் பாடினாள். நன்றாகவே பாடினாள். நான்கு வரியில் இரண்டு இடத்தில் லேசாக மூச்சு எடுத்தாள். விரல் இரண்டு முறை எழுந்தது.

பந்தியில் லோகநாதனுக்குப் பக்கத்து இலை சுப்பராயலுவுக்கு.

"பொண்ணு பாடுறப்ப ரெண்டு எடத்துல மூச்சு கேக்குதே லோகநாதா. ஒரிஜினல்ல கேக்காது. இழுப்பு கிழுப்பு இருக்குதா? ஜல்தியா ஒரு டாக்டர்கிட்ட காமிச்சிடு."

அவர் சொன்னது பாட்டைப் பற்றித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதருக்குப் பாட்டைத் தவிர வேறு நினைப்பு இல்லை. ஆனால் எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பாட்டைத் தவிர எல்லா நினைப்பும் இருந்தது. ஒரே வாரத்தில் லோகநாதன் மகளுக்கு ஆஸ்துமா என்று சேவூரில் பேச்சு. பத்தாம் நாள், தெள்ளாரிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு வராமல் இருந்துவிட்டார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை என்று அவர்கள் நினைத்தார்கள் என்பது லோகநாதனுக்குப் புரிந்தது. ரேடியோவை எடுத்துப் பரணில் போட்டார்.

ஜெயவேல் சுப்பராயலுவிடம் போய்ச் சொன்னார். "அண்ணே, நீங்க சொன்ன ஒரு வார்த்தையால அந்தப் பொண்ணு வூட்ல அழுதுகினு கீது. ஒரு தடவை போயி, அப்படி ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு வந்துடுங்க."

சுப்பராயலு உண்மையாகவே திகைத்துப் போனார். "ஆனா மூச்சு கேட்டுதே ஜெயவேலு? கேட்டதைக் கேக்கலைன்னு எப்படிச் சொல்றது?"

இதைத்தான் நான் மன்னிக்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து, சென்னை மாப்பிள்ளை ஒருவருக்கு ஆரணியில் வரவேற்பு. ஜெயவேல் ஏழாவது தடவையாகச் சேவூருக்கு நடந்து, "கோரஸ் மட்டும்தாங்க, தனியா ஒரு வரிகூட இல்லை" என்று கெஞ்சி, லோகநாதனையும் கூடவே வரச்சொல்லி, லாவண்யாவை அழைத்துவந்தார். அவள் மேடையின் ஓரத்தில் மைக்கைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஏழரை மணி வாக்கில் மாப்பிள்ளையின் அம்மா மேடைக்கு வந்து, "எங்க பொண்ணு ஒண்ணு பாடணும்ங்குது" என்றார். இது எல்லாக் கல்யாணத்திலும் வரும் ஆபத்து. யாராவது ஒரு அத்தை மகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் உயிரை எடுப்பாள். வந்தவள் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, சாதாரண நூல் சேலையில் இருந்தாள். பெயர் சுபலட்சுமி என்றாள். 'கொக்கி போட்ட கோகிலா' என்றாள். ஜெயவேல் என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். ஆரம்பித்தோம்.

முதல் வரியிலேயே நான் தட்டிக்கொண்டே தலையைத் திருப்பி அவளைப் பார்த்தேன். கடைசிச் சரணம் வந்தது. நான்கு வரி. லாவண்யா மூச்சு எடுத்த அதே இரண்டு இடங்களில், இவளும் மூச்சு எடுத்தாள். இரண்டாவது வரிசையில் விரல் எழுந்தது. ஒன்று. இரண்டு.

அன்றைக்குச் சுப்பராயலு பாயசம்வரை காத்திருக்கவில்லை. நேரே மேடைப் படிக்கு வந்தார்.

"யாரும்மா நீ? குரல் பரவால்ல. ஆனா ரெண்டு எடத்துல மூச்சு கேக்குது. வூட்டுக்குப் போயி ஒரிஜினலை நல்லா கேளு. அந்தம்மா நாலு வரியும் ஒரே மூச்சுல பாடியிருப்பாங்க."

"அப்படிங்களா? எனக்கே தெரியாதுங்க," என்றாள் அவள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அய்யா, அதைப் பாடினதே இவதாங்க!"

சுபலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சண்டைக்கு வராத குரலில் சொன்னாள்: "அந்த நாலு வரியையும் நாலு தடவையா பாடினேங்க. நடுவுல டீ குடிக்கப் போனேன். அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒட்டி, மூச்சுச் சத்தத்தை எல்லாம் வெட்டி எடுத்துட்டாங்க. ஒரே மூச்சுல அதை யாராலயும் பாட முடியாது. பாடச் சொன்னா நான் மயக்கம் போட்டு வுழுந்துடுவேன்."

மேடை ஓரத்திலிருந்து லாவண்யா இரண்டு அடி முன்னால் வந்தாள். "அக்கா, அப்ப உங்களுக்கும் மூச்சு வாங்குமா?"

"வாங்கும்மா. வாங்கலைன்னாதான் டாக்டர்கிட்ட போகணும்."

லோகநாதன் தண்ணீர் டம்ளரோடு சுவரோரமாக நின்றிருந்தார். குடிக்கவில்லை. டம்ளரை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவிலிருந்து, தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டையில் சொன்னார்: "நீ பாடு லாவண்யா. நல்லா மூச்சு வுட்டுப் பாடு."

பாடினாள். அதே பாட்டை. அந்த இரண்டு இடங்களிலும் அண்டா மூடியைத் திறந்ததுபோல் ஊருக்கே கேட்க மூச்சு எடுத்தாள். ஜனங்கள் கைதட்டினார்கள். அதற்கப்புறம் இரண்டு வருடம் எங்களோடு பாடினாள். தெள்ளார்க்காரர்கள் மறுபடியும் சொல்லியனுப்பினார்கள். அவள்தான் வேண்டாம் என்றாள்.

சுப்பராயலு? வெட்கப்பட்டு ஊரைவிட்டே போய்விட்டார், அல்லது மேடையேறி மன்னிப்புக் கேட்டார் என்று எதிர்பார்க்கிறீர்களா? இந்த இனத்தைப் பற்றி நான் இவ்வளவு சொன்னதும் வீண். மறுநாள் காலை டீக்கடையில் அவரைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாடின அம்மாவே நேர்ல வந்து பாடினாங்கப்பா. நானும் கேட்டுகினுதான் இருந்தேன்," என்றார். ஒரு வாய் டீயை உறிஞ்சி, துக்க வீட்டில் பேசுகிறவர்போலத் தலையை ஆட்டினார். "ஒரிஜினல் மாதிரி இல்ல."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சுப்பராயலுவாவது இரண்டாவது வரிசையில் எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்து விரலை உயர்த்தினார். நீங்கள் போன வாரம் ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் வீட்டுச் சமையலறையில் யாரோ காய் நறுக்கிக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுத்தார்களே, நீங்கள் பேப்பரை இறக்காமலே, "அந்த வார்த்தை அது இல்லை" என்று திருத்தினீர்களே, திருத்தியது சரிதான், வார்த்தை அது இல்லைதான். அதற்கப்புறம் அந்தப் பாட்டு தொடர்ந்ததா? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.