அத்தான் கழற்றிய பதினோரு பலகைகள்

அன்பும் அவநம்பிக்கையும் ஒருங்கே நிறைந்த மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, புதுத் தரை மூவரும் நலம். அங்கே நீயும் உன் வீட்டாரும் தச்சுப்பட்டறையும் நலமாக இருக்க வேண்டும்.

போன மாதம் நீ என்ன சொன்னாய்? "அத்தான், டைல்ஸ் மேல பலகை போடறதுக்கு முன்னாடி சுவரோரத்து ஸ்கர்ட்டிங் பலகையைக் கழட்டணும். பல் டாக்டருக்கெல்லாம் அது சரிப்படாது. நான் வர்ற வரைக்கும் சும்மா இருங்க" என்றாய். சும்மா இருக்க முடியுமா, சொல்? படுக்கையறை டைல்ஸில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து உன் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். கட்டிலிலிருந்து அலமாரிக்கு நாலே எட்டு. அதற்கு முக்கால் அறையைச் சுற்றுகிறாள். ஒரு மாதம் உனக்காகக் காத்திருந்தேன். இந்தத் திங்கட்கிழமை உளியை எடுத்துவிட்டேன்.

முதல் அடியை மறைப்பானேன்? பலகைக்கும் சுவருக்கும் நடுவே உளியைக் கொடுத்து ஓங்கி ஒன்று போட்டேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஏதோ பெயர்ந்து கையில் வந்தது. உன் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"பலகை வந்துடுச்சா?"

"இல்ல, அது அங்கேயேதான் இருக்கு."

"அப்ப கையில இருக்கறது?"

"சுவர்."

உட்கார்ந்து யோசித்தேன். முப்பத்திரண்டு வருடம் பல் பிடுங்கியவன், ஒருவருடைய தாடையையாவது பெயர்த்திருக்கிறேனா? பல்லை இழுக்கக் கூடாது, ஆட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஈறை விலக்க வேண்டும். பலகையைச் சுவரோடு ஒட்டவைத்திருந்த பெயின்ட்டைப் பிளேடால் நீளக் கீறினேன், சுவருக்கு வலிக்காதபடி உளிக்குப் பின்னால் ஒரு மரச்சில்லை வைத்தேன், ஆணி இருக்கும் இடமாகப் பார்த்து மெல்ல மெல்ல நெம்பினேன். ஒரே ஒரு முனகல்தான். பலகை முழுசாக, ஆணிகளோடு, வேர் முறியாத கடைவாய்ப் பல் மாதிரி வந்து விழுந்தது மச்சான்! பதினோரு பலகையும் அப்படியே. பின்புறம் பென்சிலால் எண் போட்டு அடுக்கினால், உன் அக்கா தூசி துடைக்கிறேன் பேர்வழி என்று ஈரத்துணியால் அத்தனை எண்ணையும் அழித்துவைத்தாள். அப்புறம் எது எந்த மூலை என்று இரண்டு பேரும் பலகையைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றினோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. பாதி திட்டு என்றாலும் பேச்சு பேச்சுதானே.

தரை போட்டாயிற்று. தரைப்பலகை உப்பினால் இடம் வேண்டுமென்று ஓரத்தில் விட்ட இடைவெளியை ஸ்கர்ட்டிங் திரும்ப உட்கார்ந்து மூடிவிட்டது. பெயர்ந்த சுவருக்கு முன்னால் நாற்காலி.

சற்று முன் உன் அக்கா கட்டிலிலிருந்து எழுந்தாள். சுவரைத் தொடவில்லை. நட்டநடு அறையில் நடந்து அலமாரி வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். "பரவாயில்லையே" என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் நான் வாங்கிய முதல் 'பரவாயில்லை' இது. ஆகவே நீ வர வேண்டியதில்லை.

உன் பட்டறை செழிக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஆசிகள். உனக்கு மட்டும் என் மன்னிப்பு.

இப்படிக்கு,
வென்ற அத்தான்

பின்குறிப்பு: வாசலோர வரிசையைப் பொருத்தக் கதவைச் சாத்தியிருந்தேன். உள்பக்கம் திறக்கும் கதவு. தரை இப்போது ஒரு விரல்கடை உயர்ந்துவிட்டதால் திறக்க மறுக்கிறது. நாங்கள் இருவரும் உள்ளே, கைபேசிகள் கூடத்தில். கீலைக் கழற்றிப் பார்க்கட்டுமா என்றேன். "இனி எதையாவது கழட்டுனீங்க..." என்று உளியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கதவின் அடியைச் சீவ இழைப்புளியோடு உடனே வா. செருப்பை வெளியே விட்டுவிட்டு வா, தரை புதுசு.