தூளியில் ஏறிய துரை

எனக்கு எண்பத்தாறு வயது. பெற்றது ஏழு, வளர்த்தது ஏழு, ஒன்றையும் குறையாக வளர்க்கவில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எங்கள் தெருவில் குடியிருந்த தூளி சாரைப் போல ஒரு பைத்தியத்தை மேற்குத் தாம்பரம் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணப்போவதில்லை. பைத்தியம் என்று எழுதும்போதே கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சார் ஹைஸ்கூல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோட்டு போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீடு நிறைய ராஜபாளையம் நாய்கள். பால் மாதிரி வெள்ளை, ரோஜா நிறத்தில் மூக்கு, நடந்து வந்தால் ஜமீன்தார் வருகிற மாதிரி இருக்கும். அத்தனையும் செவிடு.

அந்த ஜாதியில் அப்படி ஒரு குறை. அசல் வெள்ளைக் குட்டிகளில் சில காது கேட்காமலே பிறந்துவிடும். தெரிந்ததும் சிலர் கிணற்றில் போடுவார்கள், மனசு வராதவர்கள் ரயிலடியில் விட்டுவிட்டு வருவார்கள். சார் அவற்றைத் தேடி எடுத்து வருவார். பட்டணத்தில் ஒரு மிருக டாக்டர் இந்தச் செவிட்டுக்குக் காரணம் ஆராய்ந்துகொண்டிருந்தார். ராஜபாளையம் வளர்க்கிற வீடெல்லாம் ஏறி இறங்கி, எந்தத் தாய்க்குப் பிறந்த எந்தக் குட்டிக்குக் காது கேட்கிறது என்று பார்த்து அவருக்குச் சொல்வது சாருடைய வேலை. யார் கொடுத்த வேலை? யாரும் கொடுக்கவில்லை.

செவிட்டு நாயைக் கூப்பிட்டால் வராது. தரையில் ஓங்கி மிதித்தால் அதிர்வு தெரிந்து திரும்பும். அந்தப் பழக்கம் சாருக்கு மனிதர்களிடமும் வந்துவிட்டது. ரேஷன் கடையில் தன் முறை வந்தால் டக் டக் என்று மிதிப்பார். கடைக்காரர் திடுக்கிட்டு ஒரு கை சர்க்கரை அதிகமாகப் போட்டுவிடுவார்.

மீன் விற்கிற பட்டம்மாவிடம் மட்டும் அது பலிக்காது.

"இன்னா சார், மீனு வாங்க வந்தியா, பட்டாளத்துல சேர வந்தியா? காலை ஒதுக்கி வை, கூடை ஆடுது!"

சாருக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. குட்டிக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பார். குட்டி திரும்பும். நல்ல காது என்று சொல்லிவிட்டு வருவார். பிறகு பார்த்தால் அது சுத்தச் செவிடு. தட்டின் சத்தத்துக்குத் திரும்பவில்லை, சார் நகர்ந்தபோது ஆடிய தரைக்குத்தான் திரும்பியிருக்கிறது.

ஒருநாள் அவர் எங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது கூட்ஸ் வண்டி போனது. தண்டவாளத்தை ஒட்டிய வீடு. பாத்திரமெல்லாம் கடகடவென்று ஆடியது. தூளியில் கிடந்த என் ஐந்தாவது பிள்ளை அசையவில்லை.

"அம்மா, குழந்தை ஏன் எழுந்திருக்கலை?"

"அவனுக்கு இந்தச் சத்தமெல்லாம் பழக்கம் சார். தரை ஆடினாலும் தூளிக்குள்ள தெரியாது."

சார் என்னைப் பார்த்தார், தூளியைப் பார்த்தார், வீட்டுக்கு ஓடினார். தட்டோடு திரும்பி வந்து, நான் தடுப்பதற்குள் தூளிக்குப் பின்னால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பிள்ளை வீல் என்று அலறியது.

"உங்களுக்கு என்ன கேடு வந்தது சார்!" என்று கத்தினேன்.

"அருமையான காதும்மா! தூளியை ஒரு நாளைக்குக் கொடுப்பீங்களா?"

அன்றிலிருந்து அவர் தூளி சார். ராஜபாளையம் குட்டி போட்ட வீட்டில் எல்லாம் மரத்தில் தூளி தொங்கியது. குட்டியை உள்ளே போட்டு, அது கண் அசரும்போது பின்னாலிருந்து தட்டைத் தட்டுவார். கேட்கிற குட்டி துள்ளும், கேட்காதது தூங்கும். இத்தனை எளிதாக ஒரு வழியா என்று பட்டணத்து டாக்டரே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது துரையின் கதைக்கு வருகிறேன். முடிச்சூர் ரோட்டில் அரிசி மில் வைத்திருந்தவருடைய நாய் அது. அந்த வட்டாரத்தில் அவ்வளவு உயரமான ராஜபாளையம் கிடையாது. கூப்பிட்டால் மட்டும் வராது. திமிர் என்று மில்காரர் நினைத்தார். அடித்தார், பட்டினி போட்டார். ஒருநாள் பின்னாலிருந்து பிடிக்கப் போனபோது அது திடுக்கிட்டு அவர் கையைக் கவ்விவிட்டது. மறுநாள் காலையில் சுட்டுவிடுவதாகச் சொல்லித் துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டார்.

சேதி தெரிந்ததும் சார் சர்ச்சுக்குப் போட்ட கோட்டோடு என்னிடம் ஓடி வந்தார். "அம்மா, பெரிய தூளி கட்டணும். நீங்க கட்டினாத்தான் அவிழாது."

இரண்டு நூல் புடவையோடு போனேன். பட்டம்மாவும் கூடையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள்.

சார் சொன்னதைக் கேட்டு மில்காரர் சிரித்தார். "செவிடா? ரயிலு வந்தா மொதல்ல எழுந்து நிக்கிறதே இவன்தான் சார்!"

"தரை ஆடுறதுக்கு எழுந்திருக்கிறான். ஒரே ஒரு தடவை பார்த்துடுங்க. என் பேச்சு தப்புன்னா நான் போயிடறேன்."

மில் வாசல் வேப்பமரத்தில், புடவைகளை மடித்து முறுக்கித் தூளி கட்டினேன். மூட்டை தூக்குகிற ஆட்கள் நாலு பேர் துரையைத் தூக்கி உள்ளே போட்டார்கள். ஒரு பக்கம் தலை, மறுபக்கம் வால், நடுவில் நீளமான கால்கள் தொங்கின.

"த பார்றா! எங்க வூட்டுப் புள்ளைங்களுக்குக் கூட இப்படி ஒரு தூளி கெடைக்கல," என்றாள் பட்டம்மா.

நான் ஆட்டினேன். கொஞ்ச நேரம் விறைத்துக் கிடந்த துரை, பிறகு ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கியே போய்விட்டது. சார் தட்டைத் தட்டினார். அசைவில்லை. மூட்டைக்காரர்கள் தகர டின்னை அடித்தார்கள். அசைவில்லை. அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது, கூவிக்கொண்டு. எங்கள் காலடியில் தரை ஆடியது. துரையின் ஒரு காது மடல்கூட ஆடவில்லை.

மில்காரர் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. மெல்லத் தூளிக்குப் பின்னால் போய் நின்றார். "துரை," என்றார். "டேய் துரை." பிறகு தொண்டை கிழியக் கத்தினார். "துரை!"

நாய் தூங்கியது.

"கேக்காத புள்ளையைப் போட்டு அடிச்சிகினு இருந்தேனே சார்," என்று மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். சார் சட்டென்று திரும்பி, உதட்டில் விரலை வைத்து, "உஷ்! தூங்குது!" என்று அதட்டினார்.

அது செவிடு என்று அந்த நிமிஷம்தான் நிரூபித்த மனுஷர்!

யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். மூட்டைக்காரர்கள் டின்னைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள்.

துரை விழித்ததும் இறக்கிவிட்டோம். சார் சொல்லிக் கொடுத்தபடி மில்காரர் தரையில் ஓங்கி மிதித்தார். துரை திரும்பியது, நேராக அவரிடம் வந்தது, காயம்பட்ட கையை நக்கியது.

"இனிமே இவன் என்கிட்டயே இருக்கட்டும் சார்," என்றார் மில்காரர்.

"இருக்கட்டும். ஆனா ஜோடி மட்டும் சேர்க்காதீங்க. குட்டிங்களுக்கும் இந்தக் குறை வரலாம்."

"ஆயுசுக்கும் ஒண்டிக்கட்டையாவா?"

"நான் இல்லையா?" என்றார் சார்.

துரையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சங்கிலி கொண்டுவந்திருந்தார். அதைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, சிரித்தபடி நடந்தார். எனக்கு அந்த உருவம் ஏழு பிள்ளைகளின் கல்யாணக் கோலத்தைவிட நன்றாக நினைவில் நிற்கிறது. இதை என் பிள்ளைகள் படித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

கண்ணு, பாட்டி எழுத்துக் கூட்டி எழுதி முடித்துவிட்டேன். உட்கார்ந்து ஒரு தடவை எனக்குப் படித்துக் காட்டு. தூளியில் துரை தூங்குகிற இடம் வந்ததும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள். அதற்குக் கேட்காதுதான். இருந்தாலும், சாருக்குப் பிடிக்காது.